இரண்டாவது அளவு

போன மாதம் உங்கள் பிரிவிலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் பேசினாள். புதிதாகச் சேர்ந்திருக்கும் இருபது பேருக்காக நான் ஏதாவது எழுதித் தர வேண்டுமாம். பணி அனுபவம், இரண்டு பக்கம் போதும் என்றாள். பேச்சோடு பேச்சாக, உங்களில் ஒருவரைப் பற்றியும் சொன்னாள். ஏதோ ஒரு சிஸ்டம் கோப்பைத் திருத்த விடாமல் கணினி முரண்டு பிடித்ததாம். அவர் நிர்வாகி உரிமையை எடுத்துக்கொண்டு, பூட்டைத் தள்ளிவிட்டு, ஒரு வரியை மாற்றி, பத்தே நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டாராம். "ரொம்பக் கெட்டிக்காரர் சார்" என்றாள். போனை வைத்துவிட்டுத் தாளை எடுத்தேன்.

அந்தக் கெட்டிக்காரரைத் திட்டுவதற்காக இதை எழுதவில்லை. இருபத்து நான்கு வயதில் நானும் இதே கெட்டிக்காரத்தனத்தைச் செய்தேன். அதனால் ஒருவர் செத்துப்போனார். செத்தவருடைய பெயரையும் நான் கெடுத்தேன். பின்பாதியைத்தான் எழுதுவதற்குக் கை வரவில்லை. இத்தனை வருடம் இதே துறையில் சம்பளம் வாங்கியும், ஒரு கூட்டத்தில்கூட இதைச் சொன்னதில்லை.

எனக்கு ஊர் எருத்தேன்பதி. தென்னையும் நிலக்கடலையும் பார்க்கிற வீடு. நான் கணக்கில் பட்டம் வாங்கியதில் அப்பாவுக்குப் பெருமையும் இருந்தது, இவன் இனி மண்வெட்டி பிடிக்க மாட்டான் என்ற கோபமும் இருந்தது. எழுபதுகளின் பின்பாதியில் எனக்குக் கிடைத்த முதல் வேலை ஒரு ஒப்பந்தக் கம்பெனியில். மாட்டுப்பட்டியைத் தாண்டி ஜீப்பில் ஒன்றரை மணி நேரம் போனால் ஒரு மலை. ஒரு பக்கத்து ஆற்றுத் தண்ணீரை மறுபக்கம் கொண்டுபோக அந்த மலையைக் குடைந்துகொண்டிருந்தார்கள். கிழக்கு வாயிலிருந்து ஒரு கூட்டம், மேற்கு வாயிலிருந்து ஒரு கூட்டம். இரண்டு பக்கமும் வெடி வைத்து முன்னேறி, நடுவில் எங்கோ சந்திக்க வேண்டும்.

இதில் ஒரு ஆபத்து இருக்கிறது. நடுவில் மிச்சமிருக்கும் பாறை மெலிந்துவிட்டால், இந்தப் பக்கம் வைக்கும் வெடி அந்தப் பக்கம் நிற்பவர்கள் மேல் பாயும். அதனால் மிச்சம் இருபது மீட்டருக்குக் குறைந்ததும் மேற்குப் பக்கத்தில் வேலையை நிறுத்தி ஆட்களை வெளியே எடுத்துவிட வேண்டும் என்பது விதி. மிச்சம் எவ்வளவு என்று சொல்வதுதான் கிழக்கு வாயருகே இருந்த எங்கள் சர்வே அலுவலகத்தின் வேலை. தினமும் காலையில் நாங்கள் ஒரு சீட்டு கொடுப்போம். அதன் எண் இரண்டு வாயிலும் கரும்பலகையில் எழுதப்படும். சீட்டு இல்லாமல் வெடி இல்லை.

அந்தச் சீட்டை அச்சடித்துக் கொடுத்தது ஒரு மேசைக் கணிப்பொறி. வெளிநாட்டிலிருந்து வந்தது. தட்டச்சு இயந்திரத்தைவிடக் கொஞ்சம் பெரியது. ஒரே ஒரு வரி சிவப்பு எழுத்தில் மின்னும். பக்கத்தில் ஒரு கேசட் செருகும் வாய். காலையில் மூலக் கேசட்டைச் செருகினால்தான் அது விழிக்கும். அந்தக் கேசட்டில் இருந்த சில கோப்புகள் பூட்டியவை. ஓடும், ஆனால் உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று காட்டாது, திருத்த விடாது. போதாததற்குக் கேசட்டின் பின்புறத்து ஓட்டையை மூடும் சிறு தகட்டையும் உடைத்து எடுத்திருந்தார்கள். பழைய பாட்டுக் கேசட்டில் பார்த்திருப்பீர்களே, அதேதான். தகடு இல்லாவிட்டால் அதன்மேல் எதையும் பதிய முடியாது.

பூட்டியவர் எங்கள் தலைவர். கல்பாத்திக்காரர். நாங்கள் எல்லோரும் அவரைச் சர்வே சார் என்றுதான் கூப்பிட்டோம், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். அதிகம் பேசாத மனிதர். எதையும் எதற்காகச் செய்கிறார் என்று விளக்கும் வழக்கம் அவரிடம் இல்லை. அவர் எழுதிப் பூட்டிய கோப்பு ஒன்றே ஒன்றுதான் செய்தது. சுரங்கத்தை வாயிலிருந்து கடைசியில் நிற்கும் பாறை வரை, அதாவது உள்முகம் வரை, அளந்த அளவைக் கேட்கும். பிறகு உள்முகத்திலிருந்து வாய்வரை திரும்பி அளந்த அளவைக் கேட்கும். இரண்டுக்கும் ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் சீட்டு கொடுக்காது. போய் அளந்து வா என்று நின்றுவிடும்.

மேற்குப் பக்கத்தில் அளந்தவர் மாடசாமி. நாற்பது வயதிருக்கும். அவருடைய தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கமிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு வந்த குடும்பம். முப்பது மீட்டர் இரும்பு நாடாவை முழங்கால் தண்ணீரில் இழுத்துக்கொண்டு போவார். எத்தனை நாடா ஆயிற்று என்று எண்ணுவதற்குப் புளியங்கொட்டை வைத்திருந்தார். ஒவ்வொரு நாடா முடிந்ததும் இடது பையிலிருந்து ஒரு கொட்டையை எடுத்து வலது பையில் போடுவார். காகிதம் நனைந்து கிழியும், சாக்கட்டி அழியும், கொட்டைக்கு ஒன்றும் ஆகாது. உள்முகத்தில் போய் வலது பையை எண்ணி எழுதிக்கொள்வார். திரும்பி அளந்து வரும்போது கொட்டைகள் மறுபடி இடது பைக்குப் போகும். அவரை நாங்கள் கேலி செய்வோம். "சார் மெசினுக்கு நாடா, எனக்குக் கொட்டை" என்பார்.

ஐப்பசிக் கடைசியில் சர்வே சார் கல்பாத்தித் தேருக்கு ஊருக்குக் கிளம்பினார். கல்பாத்திக்காரர்கள் எதற்கு விடுப்பு எடுக்காவிட்டாலும் தேருக்கு எடுப்பார்கள். பத்து நாளுக்கு அலுவலகம் என் பொறுப்பு. மாற்றுக் கேசட் இருந்த இரும்பு அலமாரியைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போனார். அப்போது அது எனக்குக் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது.

அந்த வாரம்தான் மிச்சப் பாறை மெலிந்துகொண்டு வந்ததால் இரண்டு பக்கமும் வாயிலிருந்து முழுதாக அளக்க வேண்டியிருந்தது. ஐப்பசித் துலாமழை கொட்டிக்கொண்டிருந்தது. கிழக்குப் பக்கம் அளந்தார்கள். போக வர ஏழு சென்டிமீட்டர் வித்தியாசம். கணிப்பொறி மறுத்தது. மறுபடி அளந்தார்கள்; எட்டு. மறுநாள் ஆறு. சேற்றிலும் தண்ணீரிலும் நாடா தொய்கிறது, அவ்வளவுதான் விஷயம். மலையைக் குடைகிற இடத்தில் ஒரு சென்டிமீட்டர் என்ன பெரிய சமாச்சாரம்? ஆனால் அந்த ஒரு சென்டிமீட்டருக்காக இரண்டு நாள் வெடி நின்றது. சைட் இன்ஜினியர் ஒரு நாளைக்கு நான்கு தடவை வந்து என் மேசைமுன் நின்றார். மலையாளத்தில் ஆரம்பித்து ஆங்கிலத்தில் முடிப்பார். இருநூறு பேர் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள், உன் பொம்மை எப்போது சம்மதிக்கும் என்று கேட்டார். கல்பாத்திக்காரர் இருந்தால் ஏதாவது வழி செய்திருப்பார், உனக்கு அந்தத் திறமை இல்லை என்று ஒரு வார்த்தையையும் போட்டுவிட்டுப் போனார்.

அந்த வார்த்தை வேலை செய்தது. எனக்குத் திறமை இருந்தது. இயந்திரத்தை நிறுவ வந்தவர் ஒரு நாள் பூட்டிய கோப்பைத் திறந்ததை நான் பின்னால் நின்று பார்த்திருந்தேன். எப்படி என்று எழுதப் போவதில்லை; உங்களில் சிலருக்கு அதைத் தெரிந்துகொள்ளத்தான் ஆசை இருக்கும். மூன்றாம் நாள் காலை முதலுதவிப் பெட்டியிலிருந்து ஒரு துண்டு பிளாஸ்திரியை வெட்டிக் கேசட்டின் பின்புறத்து ஓட்டையில் ஒட்டினேன். தகடு இருப்பதாக இயந்திரம் நம்பிவிட்டது. கோப்பு திறந்தது. இரண்டு அளவுகளையும் ஒப்பிடுகிற வரி எங்கே என்று பார்த்தேன். ஐந்து என்பதைப் பத்தாக்கியிருந்தால்கூடப் பரவாயில்லை. பத்தும் போதாமல் நாளைக்கு மறுபடி மல்லுக்கட்ட வேண்டி வருமே என்று, ஒப்பிடுகிற வரியையும் இரண்டாவது அளவைக் கேட்கிற வரியையும் சேர்த்தே எடுத்துவிட்டேன். எடுத்த இரண்டு வரியையும் தினக் காலண்டர் தாளின் பின்னால் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். மழை விட்டதும் திரும்பப் போட்டுவிடலாம், சாருக்குத் தெரியவே தெரியாது. பதினைந்து நிமிட வேலை. எனக்கு என்னவோ மலையையே புரட்டிப் போட்டது போல இருந்தது.

அன்றைக்கு மதியம் மேற்குப் பக்கத்து உள்முகத்தருகே இருந்த போனிலிருந்து மாடசாமி பேசினார்.

"சார், ஆயிரத்து இருநூத்திப் பதினாலு மீட்டர், முப்பத்திரெண்டு சென்டி. திரும்பி அளந்துட்டு ரெண்டு மணி நேரத்துல போன் போடுதேன்."

"வேண்டாங்கண்ணே. ஒருக்கா அளந்தது போதுங்க. மெஷின் இப்பக் கேக்கறதில்லீங்க."

"சர்வே சார் சொன்னாகளா?"

"நாஞ் சொல்றனுங்க" என்றேன்.

அந்த அளவில் ஒரு நாடா குறைந்திருந்தது. உண்மையான அளவு ஆயிரத்து இருநூற்று நாற்பத்து நான்கு. ஒரு புளியங்கொட்டை வலது பையில் விழாமல் எங்கோ போய்விட்டது. மேற்குப் பக்கம் முப்பது மீட்டர் குறைவாகக் குடைந்திருப்பதாக நான் தட்டினேன். நடுவில் முப்பது மீட்டர் பாறை அதிகமாக இருப்பதாக இயந்திரம் சொன்னது. சீட்டில் மிச்சம் ஐம்பத்தெட்டு. உண்மையில் இருபத்தெட்டு. அந்த மாதம் தண்ணீர் புகுந்து மேற்கில் பல நாள் வேலை நின்றிருந்ததால், அளவு குறைந்திருந்தது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. அதற்குப் பிறகு தினமும் அங்கே அடித்த ஆணியிலிருந்துதான் அளந்து கூட்டினார்கள். அதனால் அந்தத் தப்பு ஆணியிலேயே தங்கி, தினசரி அளவிலும் தொடர்ந்தது.

ஒன்றைக் கவனியுங்கள். நான் எந்தச் சிறிய வித்தியாசத்துக்காகப் பூட்டைத் திறந்தேனோ, அதனால் யாருக்கும் ஒரு கீறலும் விழவில்லை. சர்வே சார் ஐந்து சென்டிமீட்டரைப் பிடிப்பதற்காக அதைப் பூட்டவில்லை. மனிதரைத் திரும்பி நடக்க வைப்பதற்காகப் பூட்டியிருந்தார். இயந்திரம் கேட்டுக்கொண்டிருந்த வரைக்கும் ஆட்கள் இரண்டு தடவை நடந்தார்கள். அது கேட்பதை நிறுத்திய அன்றே நடப்பதும் நின்றது. இது எனக்குப் புரிந்தபோது காலம் கடந்துவிட்டது.

ஐந்து நாள் போனது. சைட் இன்ஜினியர் எனக்குச் சிகரெட் நீட்டுமளவுக்கு நண்பராகிவிட்டார். காலண்டர் தாள் சட்டைக்குச் சட்டை மாறிக்கொண்டிருந்தது. மழையும் விட்டது, ஆனால் நான் திரும்பப் போடவில்லை. நன்றாக ஓடுவதை எதற்குத் தொட வேண்டும் என்று விட்டுவிட்டேன். இந்த வாக்கியத்தை நீங்களும் சொல்வீர்கள்.

ஆறாம் நாள் காலை, கிழக்குப் பக்கத்து வெடி மேஸ்திரி செல்லையா என் மேசைக்கு வந்தார். துளைகளில் மருந்து வைத்து முடித்துவிட்டு, தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அவராக அலுவலகத்துக்குள் வந்து நான் பார்த்ததில்லை.

"சார், அந்தப் பக்கத்துச் சத்தம் காதுக்குள்ள வந்து விழுகுது. பாறையில கை வச்சா அதிருது. மிச்சம் எம்புட்டு சார்?"

சீட்டைக் காட்டினேன். முப்பத்து மூன்று. கல்லுக்குள் சத்தம் காற்றைவிட நன்றாகப் பாயும் என்று கல்லூரியில் படித்ததை அவருக்கு விளக்கினேன். பத்தொன்பது வருடம் பாறைக்குள் வேலை செய்த மனிதரிடம்! அவர் சீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகும் போகவில்லை.

"எதுக்கும் மேக்க ஒரு போன் போட்டுக் கொஞ்சம் வெலகிக்கிடச் சொல்லுவமா?"

போன் என் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. மேற்கில் ஆட்களை வெளியே எடுத்துத் திரும்ப உள்ளே விட முக்கால் மணி நேரம் ஆகும். இன்ஜினியர் ஏன் என்று கேட்பார். எண் முப்பத்து மூன்றாக இருக்கும்போது விதிப்படி தேவையில்லை. எண்ணை நான் நம்பினேன் என்று இத்தனை வருடம் எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். அது உண்மையில்லை. போன் போட்டால், எண்ணில் சந்தேகம் என்று ஆகும். சந்தேகம் வந்தால் மறுபடி அளப்பார்கள், கேசட்டைப் பார்ப்பார்கள். அந்தப் பயம் சட்டைப் பையில் தாளோடு இருந்தது. தேவையில்லைங்க மேஸ்திரி என்றேன். "மெசின் சொன்னாச் சரி" என்று தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு போனார்.

பத்தேகாலுக்கு வெடித்தது. அடுத்த சில நிமிடத்தில் என் மேசைப் போன் அடித்தது. மேற்கு வாயிலிருந்து யாரோ ஒருவர் மூச்சு வாங்கப் பேசினார். முகம் உடைந்து பாய்ந்துவிட்டது, மாடசாமி அளந்துகொண்டிருந்தார் என்றார். துளை போடுகிறவர்கள் தேநீருக்கு விலகிய நேரம் பார்த்து, அன்றைய அளவை எடுக்க நாடாவின் நுனியைப் பாறை முகத்தில் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். மறுமுனையைப் பிடித்திருந்தவர் இருபது மீட்டருக்கு மேல் தள்ளி நின்றதால் பிழைத்தார். அன்றைக்கு உண்மையில் நடுவே இருந்தது மூன்று மீட்டர்.

போனை வைத்துவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? மேற்கு வாய்க்கு ஓடவில்லை. கதவைத் தாழிட்டேன். காலண்டர் தாளை எடுத்து இரண்டு வரியையும் இருந்தபடியே திரும்பப் போட்டேன். பிளாஸ்திரியை உரித்து, மூலையில் இருந்த தேநீர் அடுப்பில் போட்டேன். எல்லாவற்றையும் நிதானமாகச் செய்தேன். அதை நினைத்தால்தான் இப்போதும் எனக்கு என்மேல் வெறுப்பு வருகிறது.

விசாரணைக்கு மூன்று பேர் வந்தார்கள். தந்தி பார்த்துச் சர்வே சாரும் தேர் முடியுமுன்னே வந்துவிட்டார். முதலில் இயந்திரத்தைத்தான் சோதித்தார்கள். ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு அளவைத் தட்டிப் பார்த்தார்கள், அது மறுத்தது. ஒரே ஒரு அளவைத் தட்டிப் பார்த்தார்கள். இரண்டாவதைக் கேட்டு நின்றது. சர்வே சார் நிமிர்ந்து உட்கார்ந்து, இரண்டு அளவு வராமல் என் கணிப்பொறி ஒருபோதும் சீட்டு கொடுக்காது என்று உறுதியாகச் சொன்னார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார்கள். மேற்கிலிருந்து இரண்டு அளவும் வந்தனவா?

"வந்துதுங்க" என்றேன்.

அந்த ஒரு சொல்லோடு மாடசாமி பொய்யர் ஆனார். திரும்பி அளக்காமலேயே அளந்ததாகச் சொல்லி ஒரே எண்ணை இரண்டு தடவை கொடுத்தவர் என்று ஆயிற்று. அவரால் மறுத்துப் பேச முடியாது.

இதில் அவருடைய மனைவிக்கு என்ன நஷ்டம் என்று அப்போதே எனக்குத் தெரியும். வேலையில் இறந்தவரின் மனைவிக்குக் கம்பெனி ஒரு வேலை கொடுக்கும். கம்பெனி கொடுத்த லைன் வீட்டில் தொடர்ந்து இருக்கலாம். இறந்தவரே தெரிந்து தப்புச் செய்திருந்தால் இரண்டும் இல்லை. பேச்சியம்மாளுக்கு இரண்டு பெண் குழந்தைகள்.

விசாரணையின் இரண்டாம் நாள் காலை அவர் அலுவலக வாசலில் எனக்காகக் காத்திருந்தார். முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு புளியங்கொட்டையைக் காட்டினார். தண்ணீரில் ஊறி உப்பியிருந்தது. கணவரின் காக்கிக் கால்சட்டையைத் துவைக்கும்போது பையின் அடித் தையல் பிரிந்திருந்ததைப் பார்த்திருக்கிறார். கால் மடிப்புக்குள் இது சிக்கியிருந்ததாம்.

"அவுக எண்ணுததுல தப்ப மாட்டாக சார். பை கிழிஞ்சதுக்கு அவுக என்ன செய்வாக? இத ஆபீசர்மாருகிட்டக் குடுத்தாப் புரிஞ்சுக்கிடுவாகல்ல?"

அந்தக் கொட்டையைப் பார்த்த நொடியில் எனக்குக் கணக்குப் புரிந்துவிட்டது. ஒரு கொட்டை விழுந்திருந்தால், திரும்பி அளந்து வரும்போது அது தெரிந்தே இருக்கும். ஆகவே அவர் திரும்பி அளக்கவே இல்லை என்றுதான் விசாரணைக்காரர்கள் முடிவுகட்டுவார்கள். அவரைக் காப்பாற்றும் என்று அந்த அம்மா முடிந்து எடுத்துவந்தது, அவர்மேல் சுமத்தியதை உறுதிப்படுத்தும் சாட்சி. கொடுக்காதீர்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தக் கொட்டை எல்லாவற்றையும் விளக்கிவிட்டால், கேசட்டை இனி யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

"குடுங்கம்மா" என்றேன்.

கொடுத்தார். நான் நினைத்தபடியே எழுதினார்கள். கொட்டையை ஒரு உறையில் போட்டு அறிக்கையோடு இணைத்து அரக்கு வைத்தார்கள்.

பத்து நாள் கழித்துச் சர்வே சார் கேசட்டைத் துடைத்துக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். பின்புறத்து ஓட்டையைச் சுற்றிச் சதுரமாகத் தூசி ஒட்டியிருந்தது. விரலால் தொட்டுப் பார்த்தார். பிளாஸ்திரிப் பசை.

"இது என்னடா பிசுபிசுன்னு?"

பொய் சொல்ல வாய் திறந்தேன், வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"அத்தனை பேர் முன்னாடி நான் உறுதி சொன்னேனேடா. செத்துப்போனவன் பொய் சொன்னான்னு என் வாயாலயே சொல்ல வெச்சுட்டயே" என்றார். அழுதார். நானும் அழுதேன், ஆனால் என் அழுகைக்கு அங்கே என்ன மதிப்பு?

அங்கேயே உட்கார வைத்து நடந்ததை என் கையால் எழுதச் சொன்னார். நான்கு பக்கம். மறுநாள் இருவரும் தலைமை அலுவலகத்துக்குப் போனோம். வேலை போகும், போலீஸ் வரும் என்று எதிர்பார்த்தேன். வந்தால் நல்லது என்றுகூட இருந்தது. அங்கே இருந்தவர் நான்கு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். அறிக்கை கையெழுத்தாகி மேலே போய்விட்டது, இனி அதில் ஒரு எழுத்தையும் மாற்ற முடியாது என்றார். சர்வே சார் எவ்வளவோ வாதாடினார். மாற்ற முடியாது என்பதுதான் பதில். என் கடிதத்தை மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார். அந்தப் பூட்டைத் திறக்கும் திறமை என்னிடம் இல்லை.

அந்த மாதக் கடைசியில் சர்வே சார் வேலையை விட்டுவிட்டுக் கல்பாத்திக்கே போய்விட்டார். என்னை யாரும் விலக்கவில்லை, நானாகத்தான் விலகினேன். இரண்டு வருடம் அப்பாவோடு தோட்டத்தில் கிடந்தேன். பிறகு எலப்புள்ளிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் கணிப்பொறிப் பிரிவு ஆரம்பித்தபோது, வேறு எதுவும் தெரியாததால் அங்கே சேர்ந்தேன். அங்கிருந்துதான் உங்கள் நிறுவனத்துக்கு வந்தேன். நான் இருந்தவரை பூட்டிய கோப்பை ஒருவர் மட்டும் திறக்கக் கூடாது, பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து உரக்கப் படிக்க வேண்டும் என்று ஒரு வழக்கம் வைத்திருந்தேன். பலர் என்னைக் கிறுக்கன் என்றார்கள். இப்போது அந்த வழக்கத்தை எடுத்துவிட்டீர்கள் என்று கேள்விப்பட்டேன். நேரம் வீணாகிறதாம்.

வேலையை விட்டு ஊர் திரும்புமுன் பேச்சியம்மாளைத் தேடிப் போனேன். லைன் வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. அண்ணன் வீட்டோடு போடிக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள். பஸ் பிடித்துப் போனேன். ஒரு ஏலக்காய்க் கிட்டங்கியில் வரிசையாக உட்கார்ந்து காய் பொறுக்குகிற பெண்களுக்கு நடுவில் அவர் இருந்தார். வெளியே வந்து சுவரோரம் நின்றார். பிளாஸ்திரி, கேசட், போனில் நான் சொன்னது, விசாரணையில் சொன்னது, கொட்டையைக் கொடுக்கச் சொன்னது, எல்லாவற்றையும் சொல்லி முடித்தேன். திட்டுவார், அடிப்பார் என்று நின்றேன். அவர் வெகுநேரம் கையிலிருந்த ஏலக்காய்த் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"திரும்பி அளந்துருந்தாக் கொட்டை விழுந்தது தெரிஞ்சிருக்குமா சார்?"

"தெரிஞ்சிருக்குங்கம்மா."

"அன்னைக்குப் பொழுது சாய முன்னாடியே வீட்டுக்கு வந்துட்டாக. ஏன்னு கேட்டேன். திரும்பி நடக்க வேண்டாம்னு சார் சொல்லிட்டாருன்னாக. பெரிய மனசுக்காரருன்னு உங்களத்தான் சொன்னாக."

உள்ளே கணக்குப்பிள்ளை கூப்பிட்டார். அவர் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்து மறுபடி காய் பொறுக்க ஆரம்பித்தார்.